மூன்று முறையும் அதே விரல்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி ஆய்வகத்திலிருந்து கேட்டார்கள். என் சாதனைகளைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அரைப் பக்கம்கூடத் தேறவில்லை. சரி, சொதப்பியதை எழுதுவோம் என்று தொடங்கினால் நோட்டுப் புத்தகம் பத்தவில்லை. அதிலிருந்து ஒன்றை மட்டும் சொல்கிறேன். என்னுடைய வலது கட்டைவிரல் ஒரு பெண்ணின் வேலையைப் பறித்த கதை இது. சிரிக்க வேண்டிய இடங்களில் தாராளமாகச் சிரியுங்கள். நானே சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், கடைசிப் பகுதி வரைக்கும்.

உங்களில் பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள். அதனால் முதலில் இந்த விரலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் வேலை பார்க்கும் குடும்பத்தில் பிறந்தவன் கையில் ஒரு துண்டுத் தோல் கிடைத்தால், அதை மடித்துப் பிடித்துக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்க்காமல் கீழே வைக்கமாட்டான். பதம், கனம், மேற்பூச்சு எல்லாம் அந்த ஒரு தேய்ப்பில் தெரிந்துவிடும் என்று நம்பிக்கை. என் அப்பா தோல் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தவர். அவர் எனக்கு விட்டுப்போனது இந்தப் பழக்கம்தான். கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரரின் பெல்ட்டைத் தேய்த்துப் பார்த்தேன். அவர் இலையோடு எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டார். பெண் பார்க்கப் போன வீட்டில் சோபாவைத் தேய்த்துவிட்டு, "இது ரெக்சின்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அந்தப் பெண் என்னைத்தான் கட்டிக்கொண்டாள். ஆனால் சோபா விஷயத்தை இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தபோது நம் ஆய்வகத்துக்கு லேசர் மெஷின் வந்தது. அது என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். என் மனைவியும் இதைப் படிப்பாள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு உலோகத் தட்டில் மாதிரியை ஒரு துளி விட்டு உலர்த்தி லேசரால் சுட்டால், அதில் உள்ள மூலக்கூறுகள் பறந்து கிளம்பும். ஒவ்வொன்றின் எடையையும் மெஷின் திரையில் ஒரு கோடாகக் காட்டும். அந்தக் கோட்டுக்குத்தான் பீக் என்று பெயர். புரதம் மாதிரி பெரிய மூலக்கூறுகளுக்கு மெஷின் பிரமாதமாக வேலை செய்யும். ஆனால் நமக்கு வேண்டியது தோலில் தங்கிப்போன சாயம், பூஞ்சை மருந்து மாதிரி சின்னச் சின்ன சரக்கு. அங்கேதான் வம்பு. லேசரின் சூட்டை வாங்கி மாதிரிக்குக் கொடுக்க மேட்ரிக்ஸ் என்று ஒரு பொடியைச் சேர்ப்போம். அதுவும் சின்ன மூலக்கூறுதான். சுட்டதும் அது முதலில் கிளம்பி, நமக்கு வேண்டிய இடம் முழுக்க அதன் பீக்குகளாகவே நிற்கும். பரிமாற வந்தவர்களே முதல் பந்தியில் உட்கார்ந்துகொண்டால் விருந்தாளி எங்கே போவார்?

இதற்குத் தீர்வாக நான் பென்சிலைக் கொண்டுவந்தேன். எழுதுகிற பென்சில்தான். அந்தப் பொடிக்குப் பதிலாகத் தட்டில் பென்சிலால் கிறுக்கிவிட்டு, அதன் மேல் மாதிரித் துளியை விட்டால், கரி சூட்டை வாங்கிக் கொடுக்கும். ஆனால் பந்தியில் அவ்வளவாக உட்காராது. திரையின் ஆரம்பப் பகுதி துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. இது வெளிநாட்டில் யாரோ எப்போதோ செய்து பார்த்து எழுதி வைத்த வித்தை. ஆனால் ஆம்பூரில் நான்தான் கண்டுபிடித்தேன் என்பதுபோல நடந்துகொண்டேன். காதில் பென்சில் செருகிக்கொண்டு வளைய வந்தேன். எல்லோரும் என்னைப் பென்சில் சார் என்று கூப்பிட்டார்கள். அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் என் கட்டைவிரலில் படை வந்தது. மழைக்காலம், ஈரக்கை, வேறென்ன. டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். காலையில் ஒருதரம், சாப்பிட்ட பிறகு ஒருதரம் தடவிக்கொண்டு வேலைக்கு வந்தேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல களிம்பு.

வாணியம்பாடிக்கு வெளியே ஒரு தோல் தொழிற்சாலையிலிருந்து ஆட்டுத்தோல் மாதிரி வந்தது. ஏற்றுமதிக்குத் தயாராக நின்ற சரக்கு. தடை செய்யப்பட்ட பூஞ்சை மருந்து எதுவும் இல்லை என்று நாம் சொன்னால்தான் கப்பல் ஏறும். திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்று அவர்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். உறையைப் பிரித்தேன். அடடா, என்ன தோல்! மடித்தேன், தேய்த்தேன். பதம் பிரமாதம். பிறகுதான் கையுறை போட்டுக்கொண்டேன். முறைப்படி நடப்பவன் அல்லவா! எங்கே ரொம்ப நன்றாக இருந்ததோ, அதாவது எங்கே தேய்த்தேனோ, அங்கேயே ஒரு துண்டு வெட்டினேன். அதைக் கரைசலில் அலசி, பென்சில் தட்டில் ஒரு துளி விட்டுச் சுட்டேன்.

இருநூற்று எழுபத்தேழில் ஒரு பீக் நின்றது. பக்கத்திலேயே இரண்டு எண் தள்ளி, மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் ஒரு குட்டி. இந்த மாதிரி பெரியதும் குட்டியுமாக ஜோடி நின்றால் அந்தப் பொருளில் குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். தடை செய்த பூஞ்சை மருந்துகளில் குளோரின் உள்ளவை இருக்கின்றன. எனக்குத் தலைகால் புரியவில்லை. பழைய பொடியைப் போட்டிருந்தால் இந்தப் பீக் கூட்டத்தில் காணாமல் போயிருக்கும்; என் பென்சில் அல்லவா பிடித்தது! ஆனாலும் நிதானமானவன் என்று பெயர் எடுக்க வேண்டுமே. இன்னொரு துண்டு வெட்டிப் பார்த்தேன். மூன்றாவதும் வெட்டிப் பார்த்தேன். அதே பீக். ஒவ்வொரு முறையும் கையுறையைக் கழற்றிவிட்டு, தோலை எடுத்து, ஒரு தேய்ப்புத் தேய்த்து, மறுபடி கையுறை போட்டு வெட்டியிருக்கிறேன். மூன்று முறை சரிபார்த்தேன் என்று அறிக்கையில் எழுதினேன். உண்மைதான். மூன்று முறையும் அதே விரல்.

ஆய்வகத் தலைவி, நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். கையெழுத்துப் போடும்போது கேட்டார்:

"சார், சென்னைக்கு அனுப்பி வேற மெஷின்ல ஒரு வாட்டி பாத்துடலாமா? ஒரு வாரம்தான் ஆவும்."

"மூணு வாட்டி பாத்துட்டேன் மேடம். அவங்க வேற அவசரப்படறாங்க."

என் நரைத்த தலையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். நரைக்கு அப்படி ஒரு மரியாதை இருக்கிறது.

மறுநாள் ஒரு போன் வந்தது.

"சார், எஸ்தர் பேசறேன். ஆட்டுத்தோல் அனுப்பன வாணியம்பாடி கம்பெனில கெமிக்கல் ஸ்டோர் நான்தான் பாத்துக்கறேன். நீங்க சொல்ற மாதிரி மருந்து எங்க ஸ்டோர்லயே கெடையாது சார். பன்னெண்டு வருஷமா என் கண்ணுல படாம ஒரு டின்னு உள்ள வந்ததில்ல. இன்னொரு வாட்டி பாருங்க சார். என் வேலைக்கே ஒல வெச்சிடும் போலருக்குது."

"மூணு வாட்டி பாத்தாச்சும்மா. மெஷினுக்கு உங்க மேல இன்னா கோவம்?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. "சரிங்க சார்" என்று போனை வைத்துவிட்டார். ஒருவருக்கு வேலை போகும் பயம் இருக்கும்போது நான் ஜோக் அடித்திருக்கிறேன். இதை எழுதும்போதுகூட எனக்குக் காது சூடாகிறது.

வியாழக்கிழமை வேறொரு தொழிற்சாலைத் தோலை வேறு ஒரு சோதனைக்காகப் பார்த்தேன். அதிலும் இருநூற்று எழுபத்தேழு! ராணிப்பேட்டையிலிருந்து வந்திருந்த இன்னொன்றை எடுத்தேன். அதிலும்! எனக்கு அப்போது தோன்றியதைக் கேளுங்கள். "ஆகா, இந்தப் பக்கம் மொத்தமும் திருட்டு மருந்து ஓடுகிறது, நான் கண்டுபிடித்துவிட்டேன்" என்று தோன்றியது. செய்தித்தாளில் போட்டோ வந்தால் எந்தச் சட்டை போடலாம் என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன். மேடம் சென்னை மீட்டிங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வழிமறித்துச் சொன்னேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டார்:

"சார், நம்ம பக்கத்து கம்பெனிங்க எல்லாம் ஒரே விஷயத்துல ஒத்துப்போயி நீங்க எப்பவாச்சும் பாத்துருக்கீங்களா?"

கேட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. காட்டுகிறேன் பார் என்று என் இடுப்பு பெல்ட்டையே கழற்றி நுனியில் ஒரு துண்டு வெட்டினேன். சுட்டேன். அதே பீக். ஒரு நிமிஷம் வெற்றிப் பெருமிதம். அடுத்த நிமிஷம்தான் உறைத்தது: அந்த பெல்ட் வாங்கிப் பத்து வருடம் ஆகிறது. அத்தனை வருடம் வியர்வையில் ஊறிய பெல்ட்டில் நேற்றுப் போட்ட மாதிரி மருந்து எங்கிருந்து வரும்? யோசித்துக்கொண்டே குனிந்து பார்த்தேன். என் கட்டைவிரல் அந்த பெல்ட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

விரலை ஒரு சொட்டுக் கரைசலில் கழுவினேன். அந்தச் சொட்டைத் தட்டில் விட்டுச் சுட்டேன். திரையில் பீக் கூரையை இடித்துக்கொண்டு நின்றது. களிம்பு டியூபில் சின்ன எழுத்தில் போட்டிருந்த மருந்தின் பெயரைத் தேடிப் பார்த்தேன். அது லேசர் சூட்டில் உடைந்தால் என்ன எடை வரும் என்று கணக்குப் போட்டேன். இருநூற்று எழுபத்தேழு. குளோரின் உட்பட. நான் அறிக்கையில் எழுதியது ஒரு விதத்தில் சரிதான்; குளோரின் உள்ள பூஞ்சை மருந்துதான். தோலுக்குப் போட்டதல்ல, எனக்குப் போட்டது.

ஒவ்வொரு மாதிரியும் பாதிப் பாதியாக இரண்டு உறையில் வரும், ஒரு பாதியைப் பிரிக்காமல் எடுத்து வைப்போம் அல்லவா? வாணியம்பாடி ஆட்டுத்தோலின் அந்தப் பாதியை எடுத்தேன். இரண்டு கையிலும் இரட்டைக் கையுறை, இடுக்கி, புதுக் கத்தரி. அறுவை சிகிச்சை செய்கிறவன்போல வெட்டினேன். சுட்டேன். திரை வெறிச்சென்று இருந்தது. அந்தத் தோலில் ஒன்றுமே இல்லை.

தொழிற்சாலைக்குப் போன் போட எழுந்தேன். அப்போது கம்ப்யூட்டரில் ஒரு மெயில் வந்து நின்றது. அதே தொழிற்சாலையிலிருந்து. விரைவாகக் கண்டுபிடித்ததற்கு நன்றி. ஸ்டோர் பொறுப்பில் இருந்தவர் தவறை எழுத்துமூலம் ஒப்புக்கொண்டுவிட்டார். அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டோம். சரக்கு வாங்குகிறவர்களிடமும் சொல்லிவிட்டோம், வேறு தோல் அனுப்பினால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். கூடவே அந்தக் கடிதத்தின் படம். குண்டு குண்டான, கோணலே இல்லாத கையெழுத்து. "என் கவனக்குறைவால் வேறு மருந்தை மாற்றி ஊற்றிவிட்டேன். மன்னிக்கவும். எஸ்தர்."

என் மனசாட்சி துள்ளி எழுந்தது என்று எழுத ஆசைதான். எழவில்லை. டீக்கடைக்குத்தான் எழுந்து போனேன். அங்கே உட்கார்ந்து நான் யோசித்ததை ஒளிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் ஒருநாள் இப்படித் தோன்றும். குற்றத்தை அந்த அம்மாவே ஒப்புக்கொண்டாரே. ஊற்றாதவர் ஊற்றினேன் என்று எழுதுவாரா? ஒருவேளை வேறு ஏதாவது ஊற்றியிருப்பாரோ, என் சோதனை தப்பானாலும் விடை சரியாக இருக்குமோ? விஷயம் முடிந்துவிட்டது. எல்லோரும் சமாதானம் ஆகிவிட்டார்கள். விரல் விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். இன்னும் இரண்டு வருடத்துக்குள் மாலை போட்டு அனுப்பப் போகிறார்கள். இப்படியே ஒரு டீ முடிந்தது. இரண்டாவதும் சொன்னேன்.

இரண்டாவது டீயில்தான் அந்தக் கடிதம் உறுத்த ஆரம்பித்தது. பிரிக்காத பாதியில் ஒன்றும் இல்லை என்பதை என் கண்ணால் பார்த்துவிட்டேன். அந்தத் தோலில் இல்லாத மருந்தை ஊற்றியதாக ஒரு மனுஷி கையெழுத்துப் போட்டிருக்கிறார். நடந்தது என் விரலில், ஒப்புக்கொண்டது அவர். எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. எது ஜாஸ்தி என்று தெரியவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு மேடத்துக்குப் போன் செய்தேன்.

"மேடம், எல்லாத்துக்கும் என் விரல்தான் காரணம்."

"இன்னா சார் ஆச்சி விரலுக்கு? அடிபட்டுடுச்சா?"

சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு, "மாதிரியில் மாசு கலந்திருந்ததுன்னு திருத்தின அறிக்கை ஒண்ணு நான் மெயில்ல அனுப்பிடட்டுமா? இல்ல நீங்களே போறீங்களா?" என்று கேட்டார்.

மாதிரியில் மாசு கலந்திருந்தது. எவ்வளவு நாகரிகமான வாக்கியம்! அதில் என் விரலும் இல்லை, எஸ்தரும் இல்லை. அதைப் படித்துவிட்டு யாரும் அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிடப் போவதில்லை. "நானே போறேன் மேடம்" என்றேன். வீரத்தில் சொல்லவில்லை, மெயில் அனுப்பிவிட்டு அதற்கு வரும் பதிலைப் பார்த்துக்கொண்டு உட்காரத் தைரியம் இல்லாமல் சொன்னேன்.

மறுநாள் காலை பஸ் ஏறி வாணியம்பாடி போனேன். முதலாளி அறையில் அவரும் மேலாளரும் இருந்தார்கள். மேசை மேல் ஒரு தோல் துண்டு கிடந்தது. என் கை அதை நோக்கிப் போனது. சட்டென்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்துவிட்டு நிற்கிற மாதிரிதான் இருந்திருக்கும். அப்படியே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அச்சடித்துக் கொண்டுபோன மூன்று தாளையும் வைத்தேன்: தேய்த்த தோல், தேய்க்காத தோல், என் விரல்.

முதலாளி மூன்று தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இன்னா சார் இது? ஒரு லோடு மாத்தி அனுப்பறதுக்குள்ள எவ்ளோ பேஜாரு தெரியுமா உங்களுக்கு? ஒங்க ஒரு வெரலுக்காவவா இவ்ளோ ஆட்டம்?"

"ஆமா பாய்" என்றேன்.

"அப்ப அந்தம்மா எழுதிக் குடுத்துச்சே? தப்பு பண்ணாதவங்க எதுக்கு சார் எழுதித் தர்றாங்க?"

நானும் டீக்கடையில் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டேன். மேலாளர் தொண்டையைச் செருமினார்.

"நான்தான் பாய் எழுதச் சொன்னேன். எழுதிக் குடுத்துட்டா வேல போவாது, நான் பேசிக்கறேன்னு சொன்னேன்."

"சொல்லிட்டு நீயே அனுப்பிட்டியா?"

"வாங்கற பார்ட்டி கேட்டாங்க பாய், ஆள மாத்திட்டீங்களான்னு. லெட்டரு வேற கையில இருந்துச்சா…"

முதலாளி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னையும் ஒன்று பார்த்தார். "போன் போட்டு வரச் சொல்லு அந்தம்மாவ" என்றார்.

ஷேர் ஆட்டோவில் எஸ்தர் வந்து சேர்ந்தார். அவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு துணிப்பை. திரும்பவும் ஏதாவது எழுதிக் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, வாசலிலேயே நின்றார். நான்தான் எழுந்துபோய் அவர் பக்கத்தில் நின்று மறுபடி எல்லாம் சொன்னேன். களிம்பு போட்ட விரலையும் காட்டினேன். போனில் ஜோக் அடித்ததற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன்.

"போம்மா, போயி ஸ்டோரப் பாரு. இன்னிலருந்தே" என்றார் முதலாளி. மேலாளர் அந்தக் கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார்.

எஸ்தர் நகரவில்லை. தேய்க்காத தோலின் தாளைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதில் பார்க்க ஒன்றுமே கிடையாது; பீக்கே இல்லாத தட்டைக் கோடு.

"சார், அப்ப நான் மாத்தி ஊத்தலயா?"

எனக்குப் புரியவில்லை. "நீங்கதானம்மா அன்னிக்கே சொன்னீங்க, அந்த மருந்தே உங்க ஸ்டோர்ல இல்லன்னு?"

"சொன்னேன் சார். எழுதும்போதுகூட சும்மாதான் எழுதுனேன், வேல நிக்கட்டும்னு. அப்புறம் வீட்ல உக்காந்து அதையே யோசிச்சிகினு இருந்தனா… ஒரு பச்ச டின்ன தூக்குன ஞாபகம் வந்துச்சி. மூடி தொறந்தது, ஊத்துனது, கை நனஞ்சது எல்லாம் வந்துச்சி சார். நெசமா ஊத்துன மாதிரியே இருக்குது." தாளை என் பக்கம் நீட்டினார். "நல்லா பாத்து சொல்லுங்க. நான் ஊத்தலல்ல?"

"ஊத்தல எஸ்தர். நீங்க எதையும் ஊத்தல."

தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, துணிப்பையை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனார்.

வேலை திரும்பக் கிடைத்துவிட்டது, சம்பளத்தில் ஒன்றும் பிடிக்கவில்லை, இன்றும் அங்கேதான் இருக்கிறார். போன மாதம் அந்த மேலாளரைக் கடைத்தெருவில் பார்த்தேன். எஸ்தர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நல்லா இருக்காங்க சார், வேலையில ஒரு கொறை கெடையாது என்றார். ஒன்றே ஒன்றுதானாம். முன்பெல்லாம் தனியாகவே எல்லாம் பார்த்துக்கொள்வார். இப்போது எந்த டின்னைத் திறப்பதாக இருந்தாலும் வெளியே போகிற யாரையாவது உள்ளே கூப்பிட்டு, "கொஞ்சம் பக்கத்துல நின்னு பாருங்க, நான் இன்னாத்த ஊத்தறேன்னு" என்று சொல்லி, அவர் பார்த்த பிறகுதான் ஊற்றுகிறாராம்.